சீலையின் மற்ற நுனி

சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். முதலுதவித் தொண்டர்களான எங்களுக்கு மனக்காயத்துக்கும் கட்டுப்போடப் பழக்குவதாகச் சொல்லி, ஊர்காவற்றுறைக் கோயில் மண்டபத்தில் இருத்தியிருந்தார்கள். கடற்காற்றில் திரைச்சீலைகள் ஊதி ஊதித் தணிந்தன. சுவரெல்லாம் தண்ணீர் வெளிச்சம் ஆட, மண்டபமே மிதக்கிறமாதிரி இருந்தது. எனக்கு அரை நித்திரை.

"சாகிற எண்ணம் இருக்கோ எண்டு நேரடியாக் கேளுங்கோ. கேட்டதாலை அந்த எண்ணம் வராது," என்றார் யாழ்ப்பாணத்திலிருந்து பழக்க வந்த மேர்வின்.

நித்திரை பறந்தது. எங்கள் எழுவைதீவில் அப்படிக் கேட்டால் செருப்படிதான் விழும்! அதை அப்படியே சொன்னேன். "ஜசிந்தாவுக்கு வாய் கூட," என்று சிரித்தார்கள். மேர்வினும் விடவில்லை, அடுத்த நடிப்புப் பயிற்சிக்கு என்னையே இழுத்துவிட்டார்.

எதிர்க் கதிரையில் அமலதாஸ் அண்ணை. ஊர்காவற்றுறைதான் அவருக்குச் சொந்த ஊர். கடலில் தவிக்கிறவர்களை ஏற்றிவரும் எங்கள் வள்ளக்காரர், பெரிய பகிடிக்காரர். போன மாரியில் மனைவி மாக்கிறேற் அக்கா காய்ச்சலில் தவறியபோதுகூட, துக்கம் கேட்க வந்தவர்களைச் சிரிக்கவைத்து அனுப்பியவர். சோதினையில் தவறிய பெடியனாக அவர் நடிக்கவேண்டும், நான் விசாரிக்கவேண்டும்.

"என்ன தம்பி, முகம் வாடிக்கிடக்கு?"

"கணக்கிலை முட்டை, அக்கா. வீட்டை போனா அம்மா அகப்பைக்காம்பாலை சாத்துவா." நரைத்த மீசைக்காரர் சேட்டுக் கையால் மூக்கைத் துடைத்தார். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது.

"பிறகு?"

"பிறகென்ன, வீட்டிலை ஆருமில்லை. அவள் தோய்ச்சுப் போட்ட சீலை இன்னும் கொடியிலை கிடக்கு. எடுக்க ஏலாமல் கிடக்கு."

"தம்பி கலியாணமும் கட்டிப்போட்டார்!" என்று யாரோ கத்த, நானும் சிரித்தேன். மேர்வின் கைதட்டினார். எல்லோரும் தேத்தண்ணிக்கு எழுந்து போனார்கள்.

அண்ணை மட்டும் எழும்பவில்லை. மாதாவே! அகப்பைக்காம்பு பகிடி, சீலை பகிடியில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கரையில் எழுவைதீவுப் போட் ஊதியது. அதை விட்டால் அடுத்த நாள்தான். வாய்க்காரி என்று ஊரில் பெயரெடுத்த எனக்கே பயம், சரியான பயம்.

"அண்ணை, சாகிற எண்ணம் இருக்கோ?"

சுவரில் தண்ணீர் வெளிச்சம் ஆடிக்கொண்டே இருந்தது.

"ஓம்," என்றார். "நாளைக்கு." பிறகு, "உம்மடை போட் போகுது, போம் தங்கச்சி."

"போகட்டும். நாளைக்கும் போட் வரும்."

குலுங்கிக் குலுங்கி அழுதார். அழாதேங்கோ என்று நான் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தேன். மேர்வினைக் கூப்பிடட்டோ என்று கேட்டதற்கு ஓம் என்று தலையாட்டினார். யாழ்ப்பாணத்து டொக்டரிடம் அன்றைக்கே தான் கூட்டிப்போவதாக மேர்வின் சொன்னார்.

"போவம்," என்றார் அண்ணை. "அதுக்கு முதல் வீட்டிலை ஒரு வேலை கிடக்கு."

மூன்று பேரும் வெயிலுக்குள்ளால் நடந்தோம். அறைக் கொடியில் நீலச் சீலை காற்றுக்கு மெல்ல அசைந்தது.

"மடிச்சு வைக்கத்தான் பாத்தனான்," என்றார். "தனிய ஏலாது. மற்றப் பக்கம் அவள்தான் பிடிக்கிறவள்."

நான் மற்ற நுனியைப் பிடித்தேன்.