ஒன்பது புள்ளி

மாதத்தின் முதல் ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்து வந்ததும் ராசமலர் மேல்கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுச் சன்னலோரக் கதிரையில் போய் உட்காருவாள். அவளுக்குப் பின்னால், றெக்கோட் பிளேயர் இருக்கும் மேசையோடு கணவர் அல்பேட் நிற்பார். அவள் கண்ணை மூட வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. எதை மாட்டியிருக்கிறார் என்று தெரியாதிருந்தால்தான் காது உண்மை சொல்லும் என்பது அவருடைய சட்டம். இசைத்தட்டு ஓடி முடிந்ததும், "எத்தினை?" என்பார். அவள் பத்துக்கு ஒரு புள்ளி சொல்லுவாள். அவர் கொப்பியில் எழுதிவிட்டு அடுத்ததை மாட்டுவார்.

றெக்கோட் பிளேயரின் கையில் அவர் மாற்றி மாற்றி மாட்டுவதை ஊசி என்றுதான் அவள் சொல்லுவாள். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். ஊசி என்பது நுனி மட்டும். அதைத் தாங்குகிற, கட்டைவிரல் நகமளவு பெட்டிதான் காற்றிஜ். அவரிடம் இருந்தவை எல்லாம் மூவிங் கொயில் வகை. உள்ளே தலைமயிரிலும் மெல்லிய கம்பிச்சுருள், ஊசியோடு சேர்ந்து அசையும். எல்லாம் நாற்பது, ஐம்பது வருடப் பழசு. டென்மார்க்கில் அவர்கள் இருக்கும் ஒடென்சே நகரத்திலிருந்து ரயிலேறி, முன்பின் தெரியாத டெனிஷ் கிழவர்களின் வீடுகளுக்குப் போய் வாங்கி வந்தவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னத் தகர டப்பா, ஒரு பட்டப்பெயர். கறுப்பாய்க் கனத்திருந்த முதலாவது 'டெனிஷ்காரன்'. ஊசித்தண்டு சற்றே கோணியது 'நொண்டி'. மொத்தம் பதினொன்று.

"அண்ணை, உங்களிட்ட இருக்கிற ஊசி ஆஸ்பத்திரியிலயும் இல்லை," என்று தொழிற்சாலையில் கூட வேலை செய்யும் நிக்கலஸ் பகிடி பண்ணுவான். அல்பேட் சிரிப்பார். மகள் றொஷானி போன பிறகு அவர் சிரிக்கிற ஓரிரண்டு இடங்களில் அது ஒன்று.

முதல் ஞாயிறுகளில் அவர் போடுவது றொஷானியின் தட்டைத்தான். துறைமுக விழாவில் ஒரு மனிதர் பழைய இயந்திரம் ஒன்றோடு கடை போட்டிருந்தார். அதன் முன்னால் நின்று பேசினால், அலுமினியத் தகட்டின் மேல் பூசிய கறுப்புப் பூச்சில் குரலைக் கீறித் தருவார். மகள் தகப்பனின் பிறந்தநாளுக்கு அதைச் செய்வித்து வந்தாள். பூச்சு மென்மையானது, பலதரம் போட்டால் தேயும் என்று அந்த மனிதர் சொன்னாராம். "கூடாத ஊசிதான் தேய்க்கும். நல்லது தடவிக்கொண்டு போகும்," என்றார் அல்பேட். இரண்டு மாதம் கழித்து, கோப்பன்ஹேகனில், சைக்கிள் பாதையில் நேரே போன பிள்ளையை வலப்பக்கம் திரும்பிய லொறிக்காரன் காணவில்லை. சாகும்போது பத்தொன்பது வயது.

போனில் அவளுடைய வீடியோக்கள் எத்தனையோ இருந்தன. எல்லாவற்றிலும் டெனிஷ். தாயும் தகப்பனும் தமிழில் கேட்க, அவள் டெனிஷில் பதில் சொல்லி வளர்ந்த பிள்ளை. தமிழில் அவள் தொடர்ந்து பேசியது அந்தத் தட்டில் மட்டும்தான், இரண்டரை நிமிடம். அம்மா பக்கத்தில் நின்றால் பிழை திருத்த வேண்டாம் என்று சொல்லுங்கோ என்கிறாள். கோப்பன்ஹேகனுக்குப் படிக்கப் போவதை நீங்கள் விரும்பவில்லை, தெரியும் என்கிறாள். கடைசியில், "அப்பா, எனக்கு உங்களில..." என்று தொடங்கிச் சொல்லைத் தேடி நிற்கிறாள். ஒரு மூச்சு எடுக்கிறாள். "...கோவமில்லை."

ராசமலருக்கு அந்த மூச்சுத்தான் வேண்டியிருந்தது. சொற்கள் யாருக்கும் பொதுவானவை. மூச்சு அவளுடையது. அதைக் கேட்கும்போது, ஒரு கணம், பிள்ளை இன்னும் பேசி முடிக்கவில்லை.

"உந்தத் தட்டை ஒருக்கா கொம்பியூட்டரில கொப்பி எடுத்து வையுங்கோவன்," என்று தொடக்கத்திலேயே அவள் கேட்டாள்.

"எடுக்கிறதெண்டால் ஒரே தரம் எடுக்க வேணும், மலர். ஆகத் திறமான காற்றிஜில எடுக்க வேணும். முதல்ல அதை நான் கண்டுபிடிக்க வேணும்."

கண்டுபிடிக்க மூன்று வருடம் போயிற்று.

போன ஈஸ்டருக்கு முன்னால் ஒரு நாள் அந்த மூச்சு கேட்கவில்லை. அவள் தன் காதைச் சந்தேகித்தாள். அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்குக் காது பார்க்க வந்த பெண்ணிடம் தன்னுடையதையும் காட்டினாள். ஒரு குறையும் இல்லை என்றாள் அந்தப் பெண். அடுத்த மாதம் 'ஜப்பான்காரன்' ஓடியது, 'நொண்டி' ஓடியது. அந்த இடத்தில் மணல் உரசுவது போன்ற இரைச்சல் மட்டும். சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் மாதம் முழுவதும் வேலை விட்டு வந்தால் சோபாவில் சுருண்டு கிடக்கிற மனிதர் அந்த ஒரு ஞாயிறுதான் சவரம் செய்துகொண்டு எழும்புகிறார். அவள் "எட்டு" என்றாள். அடுத்ததுக்கு "ஒன்பது" என்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஓட்டத்திலும் பிள்ளை இன்னும் கொஞ்சம் தேய்ந்து போய்க்கொண்டிருப்பது தெரிந்தே புள்ளி சொன்னாள். இருக்கிறவருக்காகப் போனவளை விட்டுக்கொடுக்கிறேன் என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். அது உண்மையா, உண்மையைச் சொல்லும் துணிவு இல்லாததற்கு இட்ட நல்ல பெயரா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஐப்பசிக் குளிரில், சனிக்கிழமை, நிக்கலஸ் ஒலிப்பதிவுப் பெட்டி ஒன்றை இரவலாகக் கொண்டுவந்து தந்தான். அல்பேட், அல்பர்ட்ஸ்லுண்ட் என்ற ஊரில் வாங்கிய பதினோராவது காற்றிஜைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் கொப்பி எடுக்கிறம்," என்றார். "எதில எண்டு நீ முடிவு சொன்னால் சரி."

ஞாயிறு அவள் கண்ணை மூடினாள். பின்னால் டப்பாக்கள் திறந்து மூடும் சத்தம். மூன்று தரம் தட்டு ஓடியது. மூன்று தரமும் மணல்.

"எத்தினை?"

"ஏழு." பிறகு, "எட்டு." மூன்றாவது அந்தப் புதியதாகத்தான் இருக்கும் என்று நினைத்து, "ஒன்பது," என்றாள்.

பென்சில் ஓடும் சத்தம் வரவில்லை.

"மலர், நான் ஒண்டையும் மாத்தேல்லை. மூண்டு தரமும் டெனிஷ்காரன்தான். டப்பாவைச் சும்மா திறந்து மூடினனான். கொப்பி எடுக்க முன்னம் கேக்கிற ஆளையும் ஒருக்காச் சோதிக்க வேணுமெல்லே."

அவள் கண்ணைத் திறந்தாள். முற்றத்தில் யாருடைய சைக்கிளோ மழையில் நனைந்துகொண்டு நின்றது.

"எனக்கு மூச்சுக் கேக்கேல்லை," என்றாள். "ஈஸ்டருக்கு முதலே கேக்கேல்லை."

ஊசி நுனிகளைச் சோதிக்கிற பூதக்கண்ணாடி மேசையில் கிடந்தது. அவர் அதை எடுத்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாகத் தட்டின் மேல் பிடித்தார். நெடுநேரம் குனிந்து நின்றார்.

"உள்வட்டமெல்லாம் தேஞ்சு சாம்பலாக் கிடக்கு," என்றார்.

அவர் கத்துவார் என்று அவள் காத்திருந்தாள். கத்தியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

"எனக்கு அந்த மூச்சு எப்பவோ கேக்காமல் போயிட்டுது, மலர். ரெண்டு வருசம் இருக்கும். மெசின் சத்தத்துக்க நிண்ட காது. தட்டுத் தேயுது எண்டு நான் நினைக்கேல்லை. நீ ஒன்பது எண்டேக்க, சரி, நீ கேக்கிறாய் எண்டு... அதுக்காகத்தான் திரும்பத் திரும்பப் போட்டனான்."

அவள் எழுந்து மேசையடிக்கு வந்தாள். வெறுங்கண்ணுக்குத் தட்டு கறுப்பாக, ஒன்றும் அறியாததுபோலக் கிடந்தது. இரண்டு பேருமாகத் தேய்த்திருக்கிறார்கள், ஒருவருக்காக மற்றவர். பிள்ளை இருந்திருந்தால் டெனிஷில் ஏதாவது சொல்லித் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள்.

"மிச்சம் இருக்கிறதையாவது எடுங்கோ," என்றாள்.

அவர் டெனிஷ்காரனை மாற்றவில்லை. பதிவுப் பெட்டியின் சிவப்பு வெளிச்சம் எரிந்தது. ராசமலர் இந்தத் தடவை கதிரைக்குப் போகாமல் அவருக்குப் பக்கத்திலேயே, கண்ணைத் திறந்தபடி நின்றாள். இரைச்சலுக்குள்ளிருந்து றொஷானி பேசினாள். பிழை திருத்த வேண்டாம் என்றாள். "அப்பா, எனக்கு உங்களில..." என்றாள். அல்பேட் தன்னையறியாமல் ஒரு விரலை உயர்த்தி, அந்த இடம் கடந்து போகும் வரை அப்படியே வைத்திருந்தார். கடைசிச் சொல் தூரத்தில் யாரோ சொன்னதுபோல் வந்து முடிந்தது.

ஊசி எழும்பியது. அவர் கொப்பியைத் திறந்து பென்சிலை எடுத்தார்.

"எத்தினை?"

"ரெண்டு," என்றாள்.

அவர் எழுதினார்.