இஞ்சித் தேத்தண்ணி

அவித்த மரவள்ளிக்கிழங்கை மசித்து ஊட்டிக்கொண்டிருந்தாள் பூரணி. புருசன் ஞானசேகரம் மாஸ்டர் விழுங்கினார். பாரிசவாதம் வந்தபிறகு அவருக்கு அசைவது கண்ணும் வாயும் மட்டும்தான்.

"பாணுக்கும் கியூ, அரிசிக்கும் கூப்பன். இதுதான் இனி. வடிவாச் சாப்பிடுங்கோ."

தாவரவியல் படிப்பித்தவர். கிழங்கு தின்றபின் இஞ்சி சேர்ந்தால் சாவு என்று திருகோணமலை முழுக்கப் பயப்படும். அவரோ வகுப்பில் கிழங்கு தின்று, இஞ்சித் தேத்தண்ணி குடித்துக் காட்டுவார். "மூடக்கதை!"

குசினிக்குள் போன பூரணி கோப்பையோடு வந்தாள். இஞ்சி மணத்தது. அவர் கண் கோப்பையில் நின்றது. பிறகு அவள் முகத்தில்.

"என்ன பாக்கிறியள்? நீங்கள் குடிக்கிறதுதானே."

வாயை இறுக்கிக்கொண்டார்.

"வெருகல் பஸ்ஸிலை அம்மாட்டப் போக ஏறின என்னைத் தலைமயிரிலை பிடிச்சு இறக்கினியள். அண்டைக்குச் சோத்துக்கு முன்னாலையும் ஒரு பாடம். கடலுக்குள்ளை பாசியாக் கிடக்கேக்கை மரஞ்செடிக்கு வெயிலைத் தின்ன மட்டும்தான் தெரியுமாம். கரையேறி, பூச்சி கடிக்கக் கடிக்கத்தான் கசப்பு வந்ததாம். ஓட ஏலாதது நஞ்சு சமைக்குமாம். கோடி வருசப் பழக்கமாம்." கரண்டியை உதட்டில் வைத்தாள். "மரவள்ளி நஞ்சை ஒரு அறையிலை பூட்டி, திறப்பை இன்னொரு அறையிலை வைச்சிருக்கும், கடிக்கிறவன்தான் ரெண்டையும் சேர்க்கிறான் எண்டு சிரிச்சியள். நான் சிரிக்கேல்லை. கேட்டுக்கொண்டிருந்தனான்."

உதடு திறக்கவில்லை. துறைமுகத்தில் கப்பல் ஊதியது.

பூரணி கதிரையை இழுத்து அவர் முன்னால் போட்டாள். தேத்தண்ணியைத் தானே குடித்தாள், மெல்ல மெல்ல, அடிமண்டி வரை.

"பாத்தியளோ? ஒண்டுமில்லை."

பிறகு தண்ணீர் கொண்டுவந்தாள். அதற்கும் அவர் வாய் திறக்கவில்லை. பொழுதுபடும்போது மூச்சு நின்றது.

விடிந்ததும் வந்திறங்கிய அவருடைய தங்கச்சி, கிழங்கு ஒட்டிக் காய்ந்த தட்டைப் பார்த்தாள்; பக்கத்தில் இருந்த கோப்பையை எடுத்து மணந்து பார்த்தாள்.

"கிழங்குக்கு மேலை இஞ்சி குடுத்தனீங்களோ, மச்சாள்?"

"கொண்டுவந்தனான். அவர் குடிக்கேல்லை."

"ஏன்?"

"பயந்திட்டார்."

"எங்கட அண்ணையோ? இஞ்சிக்கோ?"

பூரணி கோப்பையை வாங்கிக் கொண்டுபோய்க் கழுவினாள்.

வாய் பிளக்காமல் நாடியைச் சேர்த்துக் கட்டத் துணியோடு வந்த பக்கத்துவீட்டு ஆனந்தராசா குனிந்து பார்த்தார். "கட்டத் தேவையில்லை. வாய் நல்லா இறுகித்தான் கிடக்கு."

வாய்க்கரிசி போடப் பெண்கள் சுற்றி வந்தார்கள். பூரணி போட்ட அரிசி உதட்டில் தங்காமல் கன்னத்தால் வழிந்து தலையணையில் சிந்தியது.

அவள் இன்னொரு பிடி அள்ளினாள்.