செத்த நேரம் இருங்க

"நான் சொல்றத முழுசாக் கேளு, அந்தப் பய என்னைய..."

"கேக்க மாட்டேன். ஊரே கேட்டுருச்சு. டிவியில நாலு பேரு உக்காந்து..."

"...என்னையப் பாத்து வெட்டல கிளாரா, அவனுக்கும் அந்த மெக்கானிக்குக்கும் என்னமோ..."

"...நாலு பேரும் கோட்டுப் போட்டு உக்காந்து உங்க மூஞ்சிய வட்டம் போட்டுக் காட்டுறாங்க! செவப்பு வட்டம்!"

"அது படத்துல வர்ற மூஞ்சி!"

"அப்ப இது என்ன மூஞ்சி? வாடகைக்கு எடுத்ததா?"

வாடகை என்ற சொல்லைக் கேட்டால் சகாயராஜுக்குத் தன் கடை ஞாபகம் வந்துவிடும். மேட்டுப்பட்டியில் சாமியானாவும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவர் அவர். இருபத்தாறு வருஷமாகக் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ஒரே நாற்காலியை அனுப்பிவைத்து, இரண்டு வீட்டிலும் நல்ல பேர் வாங்கியவர். ஆளைப் பார்த்தால்தான் பயமாக இருக்கும். ஆறடி உயரம், கிடா மீசை, சாமியானாத் தூசி பட்டுப்பட்டு எப்போதும் சிவந்தே கிடக்கும் கண். கோழி அடிக்கச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவார்.

போன வருஷம் நத்தத்துப் பக்கம் ஒரு மாந்தோப்பில் சினிமாக்காரர்கள் முகாம் போட்டபோது இருநூறு நாற்காலி இவரிடம்தான் எடுத்தார்கள். வில்லனாக நடிக்க வந்தவருக்கு வந்த அன்றே வயிற்றுப்போக்கு. நாற்காலி இறக்கிக்கொண்டிருந்த சகாயராஜை டைரக்டர் ஏற இறங்கப் பார்த்தார். "அண்ணே, ஒரே ஒரு சீன்ணே" என்றார். ஒன்று ஒன்பதாயிற்று.

அதில் ஒரு சீன்தான் இம்புட்டு வம்புக்கும் காரணம். ஒரு பெரியவரை நாற்காலியில் கட்டிவைத்திருக்கிறார்கள். சகாயராஜ் அருவாளோடு வரவேண்டும். வந்தார். வந்த இடத்தில் வேட்டி நழுவியது. இருபத்தாறு வருஷத்து மரியாதை எங்கே போகும்? கட்டிக்கிடந்தவரைப் பார்த்து, "செத்த நேரம் இருங்க" என்று பணிவாகச் சொல்லிவிட்டு, அருவாளைக் கீழே வைத்து, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மறுபடி எடுத்தார்.

டைரக்டர் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். "என்ன டயலாக்ணே இது! சாகப்போற நேரத்த எவ்வளவு மரியாதையா சொல்றீங்க!"

"அய்யோ தம்பி, செத்த நேரம்னா எங்க ஊருல கொஞ்ச நேரம். அம்புட்டுத்தான்."

"யாருட்டயும் சொல்லிராதீங்கண்ணே" என்றார் டைரக்டர்.

இன்னொன்றும் நடந்தது. பெரியவர் தலையில் தப்பித்தவறிப் பட்டுவிடப் போகிறதே என்று, ரப்பர் அருவாளையே சகாயராஜ் மொண்ணைப் பக்கம் முன்னால் இருக்கும்படி திருப்பிப் பிடித்திருந்தார். படம் வந்தபோது திண்டுக்கல் தியேட்டரில் விஷயம் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். சென்னையில் அதற்கும் விசில் அடித்தார்கள். தீபாவளிக்குள் 'செத்த நேரம் இருங்க' ஆட்டோ முதுகில் ஏறிவிட்டது.

அது மட்டுமென்றால் கிளாராவும் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். மூன்று நாளைக்கு முன்னால் பேகம்பூரில், மன்சூர் என்கிற பைக் மெக்கானிக்கை, ரெட்டியார்சத்திரத்துப் பக்கத்து ஆள் அழகுராஜா என்பவன் அருவாளோடு பாய்ந்து தாக்கிவிட்டான். பாய்வதற்கு முன்னால், "செத்த நேரம் இரு" என்று சொன்னானாம். போதாதா? அன்றைக்கே டிவியில் நாலு கோட்டு, சிவப்பு வட்டம், சினிமா வில்லன்தான் இவனைக் கெடுத்தான் என்று பேச்சு.

கிளாரா ஞாயிற்றுக்கிழமைதோறும் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கிறவள். "நேத்துத் தெருவுல நிறுத்தி, 'டீச்சர், சார் அடுத்து யார வெட்டச் சொல்வாரு'ன்னு கேக்குது ஒரு வாண்டு. நான் என்னத்தச் சொல்ல?"

டிவியில் வந்த நாள் முதல் அவள் வாயில் 'செத்த' என்ற வார்த்தையே வரவில்லை. நாளைக்கு ஐம்பது தடவை அதைச் சொல்கிற வாய் அது. இப்போது "கொஞ்ச நேரம்" என்கிறாள், பஸ் ஸ்டாண்டு மைக்கில் பேசுகிற அம்மாவைப் போல. கேட்கிற சகாயராஜுக்கு வேறு யார் வீட்டிலோ குடியிருப்பது மாதிரி இருந்தது.

"அஞ்சு மணிக்கு சிவபிரகாஷ் போன் பண்ணுவாப்ல" என்றார் மெதுவாக. சிவபிரகாஷ் புதுப் படத்தின் தயாரிப்பு மேனேஜர். இந்தத் தடவை தலைமை வில்லனே சகாயராஜ்தான். கிளாரா சம்மதித்தால் போவது, இல்லாவிட்டால் இல்லை என்று முதலிலேயே வாக்குக் கொடுத்திருந்தார்.

"பண்ணட்டும். முடியாதுன்னு சொல்லுங்க."

"இங்க பாரு. அந்த நாலு கோட்டும் அடிபட்டவன்ட்ட ஒரு வார்த்த கேட்டுச்சா? வா, நாம போய்க் கேப்போம். உன் புருஷனாலதான்னு அவன் சொன்னா, சிவபிரகாஷுட்ட நானே முடியாதுன்னு சொல்லிடுறேன்."

"சத்தியமா?"

"அந்தோணியார் மேல."

கிளாரா அவரை ஒரு பார்வை பார்த்தாள். "கொஞ்ச நேரம் பொறுங்க. சேலை மாத்திட்டு வாரேன்."

சத்தியம் பண்ணிவிட்டாரே தவிர, ஸ்கூட்டரில் சகாயராஜ் கடைச் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தார். படம் போனால் போகிறது. அந்தப் பையன், "ஆமாண்ணே, உங்களாலதான்" என்று சொல்லிவிட்டால்? மூன்று நாளாக அவர் சோற்றில் கைவைக்காமல் எழுந்துபோனது இதற்காகத்தான். கிளாராவிடம் வெயில் என்று சொல்லியிருந்தார்.

மன்சூர் வீட்டுக் கதவைத் திறந்தது அவன் அம்மா சைனம்பு. அவர்கள் கொண்டுபோன ஆரஞ்சுப் பையை வாங்கி வைத்துக்கொண்டு, "வாங்க தம்பி, வாம்மா. செத்த நேரம் உக்காருங்க, தொழுதுட்டு வந்துருவான்" என்றாள்.

புருஷனும் பொண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிளாரா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மன்சூர் வலது கையைக் கழுத்தில் தொட்டில் கட்டிப் போட்டுக்கொண்டு வந்தான். "அட, வில்லன் அண்ணே! எங்க வீட்டுக்கா? என் தங்கச்சி நிக்காவுக்கு உங்க நாற்காலிதாண்ணே. ஒண்ணு மட்டும் கால் ஆடுச்சு."

"அத மாத்திட்டேன் தம்பி" என்றார் சகாயராஜ். "என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்லு."

"என்னத்தண்ணே சொல்ல. அவன் வண்டிக்கு கிளட்ச் கேபிள் மாத்திவிட்டேன். மறுநா, கட்டிக்கப்போற பொண்ண ஏத்திக்கிட்டுப் பழனி ரோட்டுல போயிருக்கான். ரயில்வே கேட்டுல கேபிள் அறுந்துருச்சு. பின்னாடி நிக்குறவன் பூரா ஹாரன் அடிக்கிறான். அந்தப் பொண்ணு எறங்கி, சிரிச்சுக்கிட்டே ஷேர் ஆட்டோவுல ஏறிப் போயிருச்சு. இவன் நேரா டாஸ்மாக். அங்கருந்து என் கடை."

"வந்து?"

"'நீயெல்லாம் மெக்கானிக்காடா'ன்னான். 'என்னண்ணே ஆச்சு'ன்னேன். 'செத்த நேரம் இரு'ன்னான். இருந்தேன்."

"இருந்தியா?"

"கஸ்டமரு இருன்னா இருக்க மாட்டனாண்ணே? வண்டிக்குப் போயி சைடு பெட்டியப் போட்டு உலுக்குறான். பூட்டு தெறக்கல. அறுந்த கேபிள எடுத்துக் காட்டப் போறான்னு நெனச்சேன். நாந்தான் ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக் குடுத்தேன்."

"ஏலே, இதைய வேற பெருமையாச் சொல்றான் பாரு!" சைனம்பு தலையில் அடித்துக்கொண்டாள். "வெட்ட வந்தவனுக்குப் பெட்டியத் தெறந்து குடுத்திருக்கான், கூறுகெட்ட பய!"

சகாயராஜ் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "அந்த வார்த்தையக் கேட்டதும் உனக்கு என் படம் ஞாபகம் வரலையா தம்பி?"

"எங்கம்மா வாயில வராத வார்த்தையாண்ணே அது? எனக்குச் சோத்துல வெஞ்சனம் வைக்கிறதுக்குள்ள நாலு தடவ சொல்லும். அப்ப எங்கம்மாவையும் டிவியில காட்டச் சொல்லுங்க."

சகாயராஜுக்கு நெஞ்சில் கட்டியிருந்த சாமியானாக் கயிறு அவிழ்ந்தது போல இருந்தது. கிளாராவைத் திரும்பிப் பார்த்தார். பார்த்த பார்வையில், கேட்டியா என்றது மீசை.

கிளாரா மீசையைக் கவனிக்கவில்லை. "தம்பி, அருவாள எப்படிப் பிடிச்சான்?" என்றாள்.

மன்சூர் அம்மாவைப் பார்த்தான். பிறகு மேசையிலிருந்த கரண்டியை இடது கையால் எடுத்து, முதுகுப் பக்கம் முன்னால் வரும்படி திருப்பிப் பிடித்துக் காட்டினான்.

"இப்படித்தான்க்கா. அண்ணன் மாதிரி."

மீசை இறங்கியது. வெளியே ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போயிற்று. நம் பக்கத்தில் வாழைத்தார் வெட்டுகிறவன் எவனும் அருவாளை அப்படிப் பிடிக்க மாட்டான். அந்தப் பிடியை அழகுராஜா வேறு எங்கேயும் கற்றிருக்க முடியாது.

"அப்ப படத்தப் பாத்துத்தான் பிடிச்சிருக்கான்" என்றாள் கிளாரா. சத்தம் போடாமல் சொன்னாள். அதுதான் சகாயராஜுக்கு அதிகமாக வலித்தது.

"ஆமாக்கா. அதனாலதான் உங்க முன்னாடி உக்காந்திருக்கேன்" என்றான் மன்சூர். "மொண்ணைப் பக்கமில்ல பட்டுச்சு! தோள்பட்டையில லேசா விரிசல், அம்புட்டுத்தான். ஒரு தையல் கெடையாது. ரெண்டாவது தடவ ஓங்குனான் பாருங்க, கூர்ப்பக்கம் அவனப் பாத்துல்ல இருக்கு? அவன் தோளையே இழுத்துருச்சு. ஆறு தையல்! ஆஸ்பத்திரியில நர்ஸம்மா, 'இதுல யாரு அக்யூஸ்டு'ன்னு கேட்டுச்சு."

சிரிக்கக்கூடாது என்று கிளாரா முந்தானையை வாயில் வைத்தாள். தோள் குலுங்கியது.

சகாயராஜ் சிரிக்கவில்லை. "இருந்தாலும் தம்பி, எங்கிட்டருந்துதான..."

"அண்ணே, கோவம் அவனோடது. குடிச்சது அவன். அருவா அவன் மாமனோடது. பிடிச்ச பிடி மட்டுந்தான் உங்களோடது."

சைனம்பு வந்து சகாயராஜின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க மட்டும் அத நேராப் பிடிச்சிருந்தா எம்புள்ள இன்னிக்கு இல்ல தம்பி."

நன்றியாகத்தான் சொன்னாள். அவர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு எழுந்தார்.

திரும்பி வரும் வழியில் மணிக்கூண்டு தாண்டியதும் அவரே ஆரம்பித்தார். "நான் சிவபிரகாஷுட்ட வேணாம்னு சொல்லிடுறேன் கிளாரா."

"ஏன்? அவன்தான் உங்களால இல்லன்னுட்டானே."

"பிடியக் கத்துக்கிட்டான்ல? ஏதோ நான் பயந்தாங்கொள்ளி, திருப்பிப் பிடிச்சேன். ஒழுங்கா நடிக்கத் தெரிஞ்சவன் நடிச்சிருந்தா?"

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றாள். பிறகு, பஸ் ஹாரனுக்கு நடுவே, "மூணு நாளாச் சோறு எறங்கல. வெயிலாம்ல, வெயிலு!" என்றாள். முதுகில் லேசாக ஒரு குத்து விழுந்தது.

வீட்டுக்கு வந்து அவள் காப்பிக்குப் பால் வைக்கவும் அஞ்சு மணி அடிக்கவும் சரியாக இருந்தது. போன் அதிர்ந்தது. சகாயராஜ் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, தொண்டையைச் செருமினார்.

"சார், வணக்கம், சிவபிரகாஷ் பேசறேன்..."

"குடுங்க இங்க." கிளாரா கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "தம்பி, நான் அவரு வீட்டுக்காரி."

"வணக்கம் மேடம்! சாரோட கால்ஷீட்..."

"அது இருக்கட்டும். புதுப் படத்துலயும் அருவாவா?"

"ஆமா மேடம். இதுல ரெண்டு கையிலயும்!" சந்தோஷமாகச் சொன்னான் அந்தப் பிள்ளை.

"எப்படிப் பிடிப்பாரு?"

"ரிவர்ஸ்லதான் மேடம்! அதான சார் ஸ்டைலு. தமிழ்நாட்டுல வேற யாருக்கும் வராது. போஸ்டரே அதான்."

"நாளப்பின்ன நேராப் பிடின்னு எவனும் சொல்லக் கூடாது. எழுதித் தரணும்."

"அக்ரிமெண்ட்லயே போட்டுடறோம் மேடம்."

"இன்னொண்ணு. அப்படிப் பிடிச்சு ஓங்குனா, வெட்டுறவனுக்குத்தான் மொதல்ல காயம் படும். அதையும் காட்டணும். ஆறு தையல்."

"மேடம்?"

"ஆறு தையலு. படத்துல. அவருக்கு. எண்ணிக்கிட்டே தைக்கணும், பாக்குறவன் பூரா எண்ணணும்."

"அத டைரக்டர்கிட்ட கேக்கணும் மேடம்..."

"கேளுங்க."

"கேக்கறேன் மேடம், கண்டிப்பா கேக்கறேன்." குரல் இறங்கியிருந்தது. "ஆனா இங்க எல்லாரும் உக்காந்திருக்காங்க மேடம். சார் வர்றாரா, இல்லையா? ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

சகாயராஜ் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் வாயைத் திறக்கப்போன நேரத்தில், உள்ளே பால் பொங்கி அடுப்பில் சுர்ரென்று வழிகிற சத்தம் கேட்டது. போனை அவர் கையில் திணித்துவிட்டுக் கிளாரா அடுப்படிக்கு ஓடினாள். ஓடுகிற ஓட்டத்தில், மூன்று நாளாக வாயில் வராமல் கிடந்தது, சென்னைவரை கேட்கும்படி கணீரென்று வந்து விழுந்தது.

"செத்த நேரம் இருங்க தம்பி!"