காலருக்குள் நான்கு விரல்

1

இந்தக் கதை என் வலது கை விரல் நுனியில் பிறந்தது. கற்பனை ஊற்றெடுத்தது, கனவில் வந்தது என்றெல்லாம் அளக்கப் போவதில்லை. பத்தொன்பது நாளைக்கு முன்னால், ஒரு புதன்கிழமை சாயங்காலம், என் நாத்தனாரின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தபோது கிடைத்தது.

பதறாதீர்கள், அனுமதியோடுதான் நெரித்தேன். பதறுவதற்கு வேறு விஷயம் இருக்கிறது.

‘நான்’ என்று எழுதினால் அடுத்த வார்த்தை வர மாட்டேன் என்கிறது. அதனால் அந்தப் புதன்கிழமைக்காரியை ‘அண்ணி’ என்றே எழுதுகிறேன். பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுப்பது அவள் வேலை. அவளை எட்ட நிறுத்திவைத்துப் பார்த்தால் எழுத வரும் என்று ஒரு நப்பாசை. இன்னொன்று, இதை இடது கட்டைவிரலால் ஃபோனில் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வலது கைக்கு வேறு வேலை இருக்கிறது, அது கடைசியில் வரும்.

2

முதல் தொடக்கம்: ‘நாத்தனாரின் கழுத்தை நெரிக்க ஆசைப்படாத அண்ணி உண்டா? இவளுக்கு வாரம் ஒரு முறை அந்த வாய்ப்புக் கிடைத்தது.’

சிரிப்பு வருகிறது. அதனாலேயே அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: ‘மனித உடல் என்பது பயத்தின் —’

அடேயப்பா, பெரிய தத்துவஞானி! அடி இதையும்.

மூன்றாவது, உள்ளதை உள்ளபடி. நாத்தனார் பஸ் ஓட்டுகிறவள். வாயைத் திறந்தால் தெருக்கோடிவரை கேட்கும் என்பதால் வீட்டில் அவள் பெயர் ஹாரன். பள்ளிக்கூட நாளிலிருந்து ஜூடோ பழகுகிறாள். அண்ணி ஆறு வருஷமாக ஜியு-ஜிட்சு. முதுகுவலி போக வேண்டும் என்று வகுப்பில் சேர்ந்தாள். முதுகுவலியும் போகவில்லை, அவளும் வகுப்பை விட்டுப் போகவில்லை.

இரண்டும் மல்லுக்கட்டும் கலைகள்தாம். ஜூடோக்காரி நின்றபடி ஆளைத் தூக்கி அடிப்பதில் கெட்டிக்காரி. ஜியு-ஜிட்சுக்காரிக்கு, இருவரும் தரையில் விழுந்த பிறகுதான் வேலையே ஆரம்பம். ஒருத்தியிடம் இருப்பது மற்றவளிடம் இல்லை. ஆகவே புதன்கிழமைதோறும் பண்டமாற்று. முதல் அரைமணி நேரம் ஹாரன் அண்ணியைத் தூக்கித் தூக்கிப் போடுவாள். அடுத்த அரைமணி அண்ணி ஹாரனைத் தரையில் வைத்துப் பிழிவாள். அடுத்த மாதம் ஹாரன் முதன்முதலாக ஒரு ஜியு-ஜிட்சு போட்டியில் இறங்குவதாக இருந்தது.

[அண்ணியின் கணவர், அதாவது ஹாரனின் அண்ணன், இதைப் பற்றிச் சொன்னது: “அடிச்சுக்கறத எல்லாம் அங்கயே அடிச்சு முடிச்சிட்டு வாங்க. வீட்ல எனக்கு நிம்மதி வேணும்.” இந்த மனிதர் கதையில் இதற்கு மேல் பேச மாட்டார். காரணம் நான்காம் பகுதியில்.]

3

ஹாரனிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. ஜூடோவில் முதுகு தரையில் பட அடித்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. அதனால் விழப்போகிறவள் காற்றிலேயே திரும்பிக் குப்புற விழுவாள். விழுந்த கையோடு முழங்கைகளை ஒடுக்கி, முகவாயை நெஞ்சில் புதைத்து, இறுகிக் கிடப்பாள். எதிராளி கொஞ்ச நேரம் நோண்டிப் பார்ப்பாள். ஒன்றும் நடக்காவிட்டால் நடுவர் ‘நிறுத்து’ என்பார். இருவரும் எழுந்து மறுபடி முதலிலிருந்து.

ஜியு-ஜிட்சுவிலும் நடுவர் உண்டு. ஆனால் இதற்கெல்லாம் அவர் வாயைத் திறக்க மாட்டார். குப்புறக் கிடப்பவளின் முதுகில் எதிராளி சாவகாசமாக ஏறி உட்கார்ந்து, அவள் பயிற்சிச் சட்டையின் தடித்த காலரைப் பிடித்து, அதாலேயே அவள் கழுத்தை இறுக்குவாள்.

“எத்தன தடவடி சொல்றது, குப்புறப் படுக்காதன்னு? யாரும் வந்து நிறுத்த மாட்டாங்க.”

“பதினெட்டு வருஷப் பழக்கம் அண்ணி, உடம்பு தானா திரும்பிடுது. அதுவும் போக, உங்க மூஞ்சியப் பாக்கறதுக்குத் தரையப் பாக்கலாம்.”

அன்றைக்கும் திரும்பினாள். அண்ணி முதுகில் ஏறினாள். வலது கையை வளைத்துக் கொண்டுபோய் நான்கு விரலையும் காலருக்குள் விட்டு, கழுத்தை ஒட்டி ஆழமாகச் செலுத்தினாள். இடப்பக்கம், காறையெலும்புக்குக் கொஞ்சம் மேலே, விரல் முட்டி நின்றது.

ஒரு கட்டி.

[‘கடலை அளவு’ என்று எழுதினேன், அடித்தேன். ‘சட்டைப் பொத்தான் அளவு’ என்று எழுதினேன், அதையும் அடித்தேன். எங்கள் பரிசோதனைக்கூடத்தில் எல்லாவற்றுக்கும் மில்லிமீட்டர் உண்டு. விரல் நுனிக்கு அது தெரியவில்லை. கெட்டியாக இருந்தது, நகரவில்லை. அவ்வளவுதான் தெரியும்.]

ஹாரன் அண்ணியின் கையில் இரண்டு முறை தட்டினாள். அண்ணி விட்டுவிட்டாள்.*

* தட்டினால் விட வேண்டும். இரண்டு கலைக்கும் பொதுவான விதி. ஏன், எதற்கு, இன்னும் கொஞ்சம் தாங்கக் கூடாதா என்றெல்லாம் கேட்கக் கூடாது. அந்த ஒரு நம்பிக்கையில்தான் ஒருத்தி தன் கழுத்தை இன்னொருத்தி கையில் கொடுக்கிறாள்.

4

“என்ன அண்ணி, பேயறஞ்ச மாதிரி முழிக்கறீங்க?”

“ஒண்ணுமில்ல. கழுத்துல இந்த எடத்துல வலி எதாச்சும் இருக்கா உனக்கு?”

“இல்லயே. ஏன்?”

வலி இல்லை என்றதும் அண்ணி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அவள் வேலை பார்க்கும் இடத்தில் வலியில்லாத கட்டிகளைப் பற்றி யாரும் சிரித்துப் பேசுவதில்லை.

“சும்மாதான் கேட்டேன். ஒண்ணுமில்ல.”

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். இந்தப் பெண்ணை ஒரு கதாபாத்திரமாக என்னால் நம்ப முடியவில்லை. ஒரு நாளைக்கு அறுபது பேருக்கு ஊசி குத்துகிறவள். ‘ஒண்ணுமில்ல, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்’ என்று அறுபது முறை சொல்கிறவள். இவளுக்கா தெரியாது? தெரிந்தும் பதினான்கு நாள் வாயைத் திறக்கவில்லை. கணவரிடம்கூட மூச்சு விடவில்லை, அதனால்தான் அவருக்கு இந்தக் கதையில் வேலை இல்லாமல் போயிற்று. வாசகர் காரணம் கேட்பாரே என்று எழுதிப் பார்த்தேன்.

‘போட்டி நேரத்தில் அவளைக் கலவரப்படுத்த வேண்டாமே என்று —’ பொய்.

‘விரலுக்குத் தப்பாகப் பட்டிருக்கும் என்று —’ பச்சைப் பொய்.

சொல்லாதவரை அது வெறும் கட்டி. சொல்லிவிட்டால் யாராவது அதற்குப் பெயர் வைத்துவிடுவார்கள். அந்தப் பயம்தான். தினம் காலையில் ஹாரன் பஸ்ஸை எடுக்கக் கிளம்பும்போது அண்ணி ஜன்னலில் நின்று அவள் கழுத்தைப் பார்ப்பாள். வீங்கியிருக்கிறதா? இளைத்துவிட்டாளா? பிறகு போய்ப் பாத்திரம் கழுவுவாள். மூச்சுக்கு முந்நூறு தடவை ஹாரனிடம் குப்புறக் கிடக்காதே என்றவள், பதினான்கு நாளும் தானே குப்புறக் கிடந்தாள்.

5

அதற்குப் பிறகு வந்த இரண்டாவது புதன்கிழமை ஹாரன் கண்டுபிடித்துவிட்டாள்.

“போன வாரத்துலேந்து பாக்கறேன், சட்டைக் கையத்தான் பிடிக்கறீங்க. காலர் பக்கமே வர மாட்டேங்கறீங்க. போட்டியில எவளாவது இப்பிடி பாவம் பாப்பாளா?”

சொல்லிவிட்டு அண்ணியின் கையைப் பிடித்துத் தானே தன் காலருக்குள் திணித்தாள். விரல் நேராக அங்கே போய் நின்றது. கட்டி அசையாமல் அங்கேயே இருந்தது. அண்ணிக்கு அழுகை பீறிட்டது.

“இங்க ஒரு கட்டி இருக்குடி.”

ஹாரன் தொட்டுப் பார்த்தாள். மறுபடி தொட்டுப் பார்த்தாள்.

“எப்பலேந்து தெரியும் உங்களுக்கு?”

“ரெண்டு வாரமா.”

ஹாரன் கத்துவாள் என்று அண்ணி காத்திருந்தாள். கத்தியிருந்தால் தேவலை. அவள் குரல் அவ்வளவு சன்னமாக வந்து அண்ணி கேட்டதே இல்லை.

“ரெண்டு வாரமா தெரிஞ்சும் ஒண்ணும் சொல்லாமயா அண்ணி என்ன ஆட விட்டீங்க?”

அதற்கு அண்ணி சொன்னதாக ஒரு பதில் எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன்.

ஹாரன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “சரி, போட்டி முடியட்டும். அப்பறமா போய்ப் பாத்துக்கலாம். வலிக்கவே இல்ல பாருங்க. அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க.” பேசிக்கொண்டே முழங்கைகளை ஒடுக்கி, முகவாயை நெஞ்சில் பதித்துக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள்.

“யாரும் வந்து நிறுத்த மாட்டாங்கடி,” என்றாள் அண்ணி.

6

முடிவுகள்.

(அ) வெறும் கொழுப்புக் கட்டி. டாக்டர் சிரிக்கிறார். ஹாரன் போட்டியில் மெடல் வாங்கி, தெருவே அதிரக் கத்துகிறாள். எழுத எழுத இனிக்கிறது. ஆனால் எழுதும் நானே நம்பவில்லை.

(ஆ) டாக்டர் கதவைச் சாத்திவிட்டு, ‘உக்காருங்கம்மா’ என்றபோது —

முடியாது. கட்டைவிரல் நகர மாட்டேன் என்கிறது.

(இ) ஹாரன் எழுந்து போய்விடுகிறாள். இந்தப் போட்டி முடிகிறது, இன்னொரு போட்டி வருகிறது, அப்புறம் ஒரு கல்யாணம், அப்புறம் லீவு கிடைக்கவில்லை. இந்த முடிவை யோசித்து எழுத வேண்டிய அவசியமே இல்லை. இப்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது.

7

இனி அண்ணி என்று எழுத முடியாது. நான்தான்.

கட்டியைப் பற்றிச் சொன்ன ஐந்தாம் நாள், ஆஸ்பத்திரி நடைவழி. வரிசையாக இரும்பு நாற்காலிகள். எங்கள் டோக்கன் நாற்பத்தேழு. உள்ளே கட்டியில் ஊசி குத்திக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். என் வலது கை ஹாரனின் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறது. ஒரு மணி நேரமாக.

“எதுக்கு இந்தப் பிடி? நான் என்ன ஓடியா போயிடுவேன்?” என்று முதலில் சிரித்தாள். அரைமணி கழித்து, “வயித்தப் பெரட்டுது அண்ணி, இன்னொரு நாள் வரலாமே,” என்றாள். சற்றுமுன் கேட்டாள், “எறும்பு கடிச்ச மாதிரிதான இருக்கும்?”

ஒண்ணுமில்ல என்று வாய்வரை வந்தது. விழுங்கினேன்.

“வலிக்கும்டி. எனக்கும் பயமா இருக்கு.”

நாற்பத்தாறாம் நம்பர்க்காரர் உள்ளே போனார். அப்போது ஹாரனின் மற்றொரு கை வந்து என் முன்கையில் இரண்டு முறை தட்டியது. தற்செயலாகப் பட்ட கை என்று நான் பாசாங்கு செய்ய முடியாது. பதினெட்டு வருஷம் பழகிய தட்டு அது.

தட்டிய பிறகு ஒரு நொடிகூட நான் யாரையும் பிடித்துவைத்ததில்லை. இன்று விடாவிட்டால், இனி எந்தப் புதன்கிழமை என்னை நம்பிக் கழுத்தைக் கொடுப்பாள்? விட்டுவிட்டால், இன்னும் எத்தனை புதன்கிழமை அவளுக்கு —

இந்த வாக்கியத்தை நான் முடிக்கப் போவதில்லை.

இவ்வளவு தூரம் கூடவே வந்து பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆட்டத்துக்கு வெளியே நிற்பது நீங்கள் ஒருவர்தான். விடவா, பிடிக்கவா? சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். கதவு திறக்கிறது, அவள் மறுபடியும் தட்டுகிறாள்.