பற்றாத தோட்டா

வீட்டில் மாமனார் அவளிடம் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதை மாமியாரின் முகத்தைப் பார்த்துச் சொல்வார்.

"குளிச்சிட்டு ஹீட்டரை அணைக்கணும்னு அவகிட்ட சொல்லு."

அவள் இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பாள். மாமியார் அலுப்போடு திரும்பி, "காதுல விழுந்துச்சுல்ல?" என்பாள். அதோடு முடிந்தது.

ஆலையில் அந்தப் பிடிவாதம் நடக்காது. அவள் சிமெண்ட் ஆலையின் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து சூளையை ஓட்டுகிறவள். அவர் அந்தச் சூளைக்குள் துப்பாக்கியால் சுடுகிறவர். வாக்கி-டாக்கியில் அவர் அவளைப் "பேனல்" என்று கூப்பிடுவார், அவள் அவரைக் "கன்" என்று கூப்பிடுவாள். மாமாவும் இல்லை, மருமகளும் இல்லை.

சூளை என்பது படுக்கப் போட்ட பெரிய இரும்புக் குழாய். உள்ளே ஒரு லாரி போகலாம். அது மெதுவாக உருண்டுகொண்டே இருக்கும். ஒரு முனையில் நெருப்பு. மறுமுனையிலிருந்து வரும் சுண்ணாம்புக்கல் மாவு வெந்து, பாதி உருகிக் குழம்பாகி, கட்டி கட்டியாக நெருப்பு முனையில் வந்து கொட்டும். சில சமயம் அந்தக் குழம்பு சுவரில் ஒட்டி, மேலும் மேலும் ஒட்டி, தொண்டையில் சதை வளர்ந்த மாதிரி ஒரு வளையமாக நின்றுவிடும். சூளையை அணைத்து, ஆற வைத்து, உள்ளே போய் உடைக்கலாம்தான். வாரக் கணக்கில் வேலை நின்றுபோகும். அதனால் எரிகிற சூளைக்குள்ளேயே சுட்டு உடைப்பார்கள்.

அதற்கென்று உள்ளது எட்டு போர் துப்பாக்கி. ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமாக எத்தனை உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை குழலுக்குச் சரியாக இருக்குமோ, அந்த எண்ணிக்கைதான் போர். அதனால் எண் குறையக் குறையக் குழல் பருக்கும். வேட்டைக்குப் போகிறவர்கள் பன்னிரண்டு, பதினாறு, இருபது போரோடு நின்றுவிடுவார்கள். எட்டு போர் அந்தக் காலத்தில் நீர்ப்பறவைக் கூட்டத்தை ஒரே வெடியில் வாரிப் போடுவதற்கென்று செய்யப்பட்டது. இப்போது அதைத் தோளில் வைத்துச் சுட யாரும் ஆசைப்படுவதில்லை. சூளை வாசலில் இரும்புத் தாங்கியில் பூட்டி, தள்ளி நின்று கயிற்றை இழுத்துச் சுடுவார்கள். ஈயக்குண்டு போய் வளையத்தில் மோதும்.

இத்தனை வருஷம் அதைச் சுட்டதால் ஆலையில் மாமனாருக்கு வேட்டைக்காரர் என்று பெயர். அவர் ஒரு காக்காயைக்கூடச் சுட்டதில்லை.

போன வருஷம் அவள்தான் ஆலை மேலாளரிடம் போய்ச் சொன்னாள், அவருக்கு இடது காது சுத்தமாகக் கேட்கவில்லை, துப்பாக்கியிடம் தனியாக விடாதீர்கள் என்று. மேலாளர் அதை அவரிடமே சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டார். வேறெதுவும் செய்யவில்லை. அன்றிலிருந்துதான் இந்தப் பேச்சில்லாத குடித்தனம். "அங்க எட்டு போர், இங்க ஒன்பதாவது போர்" என்று அவள் கணவன் ஒருமுறை ஜோக்கடித்தான். இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

அன்று வளையம் மோசமாக வளர்ந்திருந்தது. காலையிலிருந்து அவர் சுட்டுக்கொண்டிருந்தார். வெடிக்கு வெடி துண்டு துண்டாக உதிர்ந்ததே தவிர, விழவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் திரையில் சூளை மோட்டாரின் கரண்ட் கோடு லேசாக ஆட ஆரம்பித்தது.

"கன், கரண்ட் ஆடுது. வளையம் இளகுது போல. இன்னும் ஒண்ணு சுட்டுட்டு இறங்கிடுங்க."

"சரி பேனல்."

அவள் காத்திருந்தாள். வெடிச் சத்தம் கண்ட்ரோல் ரூம் கண்ணாடியை அதிர வைக்கும். இந்த முறை கண்ணாடி அதிரவில்லை.

"கன்?"

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு அவர் குரல். "தோட்டா பத்தல, வெடிக்கல."

அவள் முதுகு நிமிர்ந்தது. பற்றாத தோட்டாவை உடனே வெளியே எடுக்கக் கூடாது. உள்ளே மருந்து புகைந்துகொண்டிருந்தால், திறக்கிற கையிலேயே வெடிக்கும். குழலைச் சூளைக்குள் பார்த்தபடி விட்டுவிட்டு விலகிவிட வேண்டும். அதுதான் விதி.

"அப்படியே விட்டுட்டு வந்துடுங்க."

"முடியாது. போன வெடியிலயே தாங்கியோட ஆணி அறுந்துருக்கு. இப்பதான் பாக்குறேன். ஒரு கையாலதான் புடிச்சிட்டிருக்கேன். விட்டா பின்னால சரிஞ்சு குழல் கீழ திரும்பிடும். கீழ ரெண்டு ஃபிட்டருங்க வேலை பாக்குறானுங்க."

அவள் கேமராவைப் பார்த்தாள். சூளை வாசல் மேடைக்கு நேர் கீழே, குளிர்விப்பான் மின்விசிறியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு இரண்டு பேர் குனிந்திருந்தார்கள். இருவர் காதிலும் சத்தத் தடுப்பான். ஒலிபெருக்கியில் கத்தினாள். ஒருவன்கூட நிமிரவில்லை.

திரையில் கரண்ட் கோடு சட்டென்று இறங்கி ஏறியது.

வளையம் விழுந்தால் அதற்குப் பின்னால் தேங்கி நிற்கும் அத்தனை நெருப்புக் குழம்பும் ஒரே ஓட்டமாக வாசலுக்கு வரும். வாசலில் உள்ள ஒவ்வொரு ஓட்டையிலும் தீ வெளியே பீச்சும். அவர் முகம் துப்பாக்கி நீட்டியிருந்த ஓட்டையிலிருந்து ஒரு கை தூரத்தில் இருந்தது.

"கன், வளையம் வரப் போகுது! மாமா, கேக்குதா?"

கேமராவில் அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் துப்பாக்கியின் பின்பக்கத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். அதுவரை வலது காதில் வைத்துப் பேசிய வாக்கி-டாக்கி, இரண்டு கையும் துப்பாக்கியில் இருந்ததால், அவருடைய இடது தோளில் தொங்கியது.

அவள் எழுந்தாள். பக்கத்து மேசையில் அரவை ஆலையைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம், "அண்ணே, சூளையையும் பாத்துக்கோங்க. தீயைக் குறைங்க, உருட்டுறதை மட்டும் நிறுத்திடாதீங்க" என்றாள்.

"நீ எங்கம்மா போற? நில்லு!"

அவள் அதற்குள் படியில் இறங்கிவிட்டாள். தலைக்கவசத்தை எடுக்க மறந்தது பாதி வழியில்தான் உறைத்தது. திரும்பவில்லை. வெளியே வெயிலும் சூளையின் அனலும் சேர்ந்து மூச்சை அடைத்தது. ஃபிட்டர்களில் மூத்தவனின் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். அவன் கோபமாகத் திரும்பினான். அவள் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் மற்றவனைத் தட்டி எழுப்பிக்கொண்டு ஓடினான்.

அவள் ஏணியில் ஏறினாள். கைப்பிடி சுட்டது. மேடையில் அவர் முதுகு தெரிந்தது. சட்டை முழுக்க நனைந்து ஒட்டியிருந்தது. அவள் இடது பக்கமாக வந்து கத்தினாள். அவருக்குக் கேட்கவே இல்லை. சுற்றிப் போய் வலது காதருகே வாயை வைத்தாள்.

"கீழ யாரும் இல்ல! விட்டுட்டு வாங்க!"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "நீ எதுக்கு இங்க வந்த? அறிவு இருக்கா உனக்கு? வயித்துல..."

அவள் கர்ப்பமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மாமியாரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். அவருக்குத் தெரிந்திருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

"கத்துறதை அப்புறம் கத்துங்க மாமா. விடுங்க அதை!"

"நீ முதல்ல இறங்கு. நீ இறங்கினாத்தான் விடுவேன்."

வாதாட நேரமில்லை. அவள் ஏணிக்கு ஓடினாள். மூன்று படி இறங்கியிருப்பாள், தலைக்கு மேலே துப்பாக்கி இரும்பில் மோதி விழும் சத்தமும் அவருடைய பூட்ஸ் சத்தமும் கேட்டன. அவர் ஏணியின் இரு பக்கத்தையும் பிடித்து, படியில் கால் வைக்காமலே சறுக்கி வந்தார். கீழே வந்ததும் அவளைக் கான்கிரீட் தூணுக்குப் பின்னால் தள்ளி, தானும் மேலே கவிந்துகொண்டார்.

உள்ளே மலை சரிந்த மாதிரி ஓர் உறுமல். தரை உதறியது. மேடை முழுவதும் ஆரஞ்சு நிறத்தில் தீ பீச்சி, அவர்கள் இறங்கிய ஏணியின் உச்சி வரை நாக்கை நீட்டியது. சூடான துகள்கள் மழையாகக் கொட்டின. அந்த இரைச்சலுக்கு நடுவிலும் தனியாக ஒரு வெடி கேட்டது. பற்றாமல் கிடந்த தோட்டா அந்தச் சூட்டில் வெடித்திருந்தது. ஃபிட்டர்கள் விட்டுப் போன கருவிப் பெட்டி எகிறி, இரண்டாகப் பிளந்து விழுந்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலுதவி அறையில் அவர் முழங்கைக்குக் கட்டுப் போட்டார்கள். கழுத்தின் பின்புறம் தோல் கன்றிப் போயிருந்தது. அவளுக்கு ஏணி சுட்ட உள்ளங்கைகள் மட்டும்தான். செவிலி அவளை டாக்டரிடம் காட்டிக் கூட்டி வந்து, குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று சொன்னதும், அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மாமனார் எழுந்து அவள் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"எத்தனை தடவை கூப்பிட்ட?" என்று கேட்டார்.

"நிறைய தடவை."

"ஒண்ணுகூடக் கேக்கல."

'அதைத்தான் அன்னிக்கே சொன்னேன்' என்று அவள் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டாள்.

"அந்த மேனேஜர் சிரிச்சான். அதான் தாங்கல" என்றார் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு. "கோபம் உன்மேல இல்ல. அவன் சிரிச்சதை உன்மேல காட்டிட்டேன்."

"எனக்கும் உங்ககிட்ட முதல்ல சொல்லியிருக்கணும்னு தோணிச்சு மாமா. பயமா இருந்துச்சு."

"என்னைப் பாத்தா?"

"பின்ன?"

மறுநாள் அவரே மேலாளரிடம் போய்க் காதைப் பரிசோதிக்கச் சொன்னார். தாங்கியின் ஆணியை யார் கடைசியாகப் பார்த்தார்கள் என்றும், இனி சுடுகிறவர் பக்கத்தில் இன்னொருவர் நிற்காமல் யாரும் சுடக் கூடாது என்றும் அங்கேயே உட்கார்ந்து சண்டை போட்டாராம். இந்த முறை மேலாளர் சிரிக்கவில்லை. மாமனாரைத் தோட்டாக் கிடங்குக்கு மாற்றினார்கள். வீட்டில் இப்போது அவர் ஹீட்டரைப் பற்றி நேராக அவளையே திட்டுகிறார். முன்பிருந்த அமைதியே தேவலாம் என்கிறாள் மாமியார்.

சூளை மறுபடி எரிந்து, மறுபடி வளையம் கட்டிய அன்று, புதிய தாங்கியில் புதிய ஆள் நின்றார், பக்கத்தில் இன்னொருவர். அவள் பேனலில் இருந்தாள். கேமராவில் துப்பாக்கிக்குக் கீழே யாரும் இல்லை என்று பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள்.

"பேனல், சுடலாமா?"

அவள் வாக்கி-டாக்கிப் பொத்தானை அழுத்தினாள்.

"சுடுங்க" என்றாள்.

கண்ணாடி அதிர்ந்தது.