நாற்பது நாள் தொடாத வால்வு

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது. வாழ்நாளில் நிறையச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஆறு டன் எடையுள்ள பொய் இது ஒன்றுதான். கிரேன் வைத்துத்தான் இறக்க வேண்டியிருந்தது.

விளக்கிவிடுகிறேன். நடுக்கடலில் எண்ணெயும் வாயுவும் எடுக்கிற மேடைகள் உண்டு. அங்கே வாயு கசிந்தால், கடலடியிலிருந்து வரும் பெரிய குழாயை உடனே அடைக்க ஆறு டன் எடையில் ஒரு வால்வு வேண்டும். சாதாரண நாளில் காற்றழுத்தம் அதைத் திறந்தே பிடித்திருக்கும். ஆபத்து என்றால் காற்று வெளியேறும்; அமுக்கி வைத்த ஸ்பிரிங் விரியும்; உள்ளே இருக்கும் எஃகு உருண்டை திரும்பி வழியை அடைக்கும். இருபத்து நாலு நொடிக்குள். இதை வடிவமைப்பது என் வேலையாக இருந்தது.

முதலில் எழுதிய தொடக்கம் இது: ‘வால்வு மூடிய சத்தத்தில் மூன்று தெரு தள்ளி ஒருவருக்கு இரண்டு நாளாக நிற்காத விக்கல் நின்றது.’ நல்ல வரி. உண்மையும்கூட. ஆனால் விக்கல்காரர் என் தம்பி. இன்றுவரை நன்றி சொல்லவில்லை. அடித்துவிட்டேன்.

2

கதாநாயகி என் கொழுந்தியாள். வால்வை வாங்கும் கம்பெனி அனுப்பிய சோதனை இன்ஜினியர். அவள் கையெழுத்துப் போட்டால்தான் வால்வு கடலுக்குப் போகும். அவளை ‘ஒல்லியான, கூரிய கண்களுடைய’ என்று வர்ணித்திருந்தேன்.

[இந்த இடத்தில் என் மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து படித்தாள். “யாரு ஒல்லி? என் தங்கச்சியா? அவ உக்காந்த நாற்காலியக் கேட்டுப் பாருங்க.”]

சரி. கொழுந்தியாள் உடம்பிலும் சிரிப்பிலும் தாராளம். கையெழுத்தில் மட்டும் கஞ்சம்.

எங்கள் முதலாளிக்கு இது தெரியாது. “நம்ம வீட்டுப் பொண்ணுதானே வருது? அப்புறம் என்ன!” என்று தொப்பையைத் தடவிக்கொண்டார்.

3

எங்கள் சோதனைக் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சோதிப்பவர் பத்து மணிக்கு வருகிறார் என்றால், ஏழு மணிக்கே வால்வைப் பத்துப் பன்னிரண்டு தடவை மூடித் திறந்து, கிரீஸ் தடவி, சோம்பல் முறித்து வைத்துவிடுவோம். இதற்கு ‘குளிப்பாட்டுதல்’ என்று பெயர். ஏமாற்றுவதாக யாரும் நினைக்கவில்லை. விருந்தாளி வருமுன் வீடு கூட்டுவதில்லையா?

கொழுந்தியாள் வந்த அன்று வால்வு பதினாறு நொடியில் மூடியது. எல்லோரும் கை தட்டினோம். அவள் தட்டவில்லை.

“அத்தான், இன்னிக்கு இதுதான் முதல் தடவையா?”

“ஆமாம்மா.”

இதுதான் அந்த ஆறு டன்.

அவள் குனிந்து வால்வின் தண்டைத் தொட்டு விரலைப் பார்த்தாள். “புது மாப்பிள்ளை மாதிரி பளபளன்னு இருக்கே. காலைல எத்தனை முழுக்கு?”

முதலாளி கூரையைப் பார்த்தார். ஃபிட்டர் தன் பூட்ஸைப் பார்த்தார். நான் நெஞ்சை நிமிர்த்தி — (இங்கே நான் உண்மையை ஒப்புக்கொள்கிற ஒரு பத்தி இருந்தது. உருக்கமாக வந்திருந்தது. நடக்கவில்லை.)

“பதினொண்ணு,” என்றார் ஃபிட்டர், பூட்ஸிடம்.

“கடல்ல வாயு கசியறதுக்கு முன்னாடி, ‘பத்து மணிக்கு வரேன், வால்வ எழுப்பி வைங்க’ன்னு ஆள் அனுப்புமா அத்தான்? மாசக்கணக்கா அசையாம நிக்கும். ஒரு நாள் திடீர்னு மூடச் சொன்னா மூடணும். மேடை மேல நூத்திப் பன்னண்டு பேரு இருக்காங்க.”

வால்வில் தன் கம்பெனி சீல் ஒன்றை ஒட்டினாள். நாற்பது நாள் யாரும் தொடக்கூடாது; அப்புறம்தான் சோதனை.

“வீட்டுல உக்காந்து பேசிக்கலாமே,” என்றார் முதலாளி.

“வீட்டுல நான் கொழுந்தியா. இங்க நான் சீல்.”

4

நாற்பது நாள் ஒரு வால்வு சும்மா நிற்பதை எப்படி எழுதுவது? முயன்றேன். ‘முதல் நாள் வால்வு நின்றது. இரண்டாம் நாளும் வால்வு’ — வேண்டாம், உங்களுக்கும் வேலை இருக்கும்.

வீட்டுக்குச் செய்தி எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. நாற்பது நாளும் சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை.

நாற்பத்தோராம் நாள் காற்றைத் திறந்துவிட்டோம். உருண்டை கால்வாசி திரும்பியது. நின்றது. இருபத்து நாலு நொடி போனது. ஒரு நிமிடம் போனது. வால்வு வாயைப் பிளந்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வேறு மாதிரி எழுதலாம். அது மூடிவிட்டது, கொழுந்தியாள் வீண் பிடிவாதக்காரி, நான் உத்தமன், சுபம். அப்படி எழுதினால் இதே வால்வு கடலுக்குப் போயிருக்கும். ஒரு நாள் வாயு கசியும்போது அந்த நூற்றுப் பன்னிரண்டு பேரும்

இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.

அவள் ‘பார்த்தீங்களா’ என்று கேட்கவில்லை. “பிரிச்சுப் பாக்கலாமா அத்தான்?” என்றாள்.

பிரித்தோம். உருண்டையைச் சுற்றியிருந்த மென்வளையம், கல்யாணப் பந்தியில் இடம் பிடித்த பெரியப்பாவைப் போல ஒட்டிக்கொண்டு எழ மறுத்திருந்தது. அதைப் பிடுங்கும் பலம் ஸ்பிரிங்குக்கு இல்லை. ஏன் இல்லை? பதினைந்து வருடச் சோதனைத் தாள்களை வைத்துத்தான் அந்தப் பலத்தைக் கணக்கிட்டிருந்தேன். தாள்களில் இருந்த அத்தனையும் குளிப்பாட்டிய வால்வுகள்.

அதை அவளிடம் நானே சொன்னேன். (இது நடந்தது. ஃபிட்டர் சாட்சி.)

5

ஸ்பிரிங்கை ஒன்றரை மடங்கு பலமாக்கினேன். மென்வளையத்தைத் தூக்கிவிட்டு உலோக வளையம் வைத்தேன். இந்த முறை அவள் சீலுக்குப் பக்கத்தில் என் சீல் ஒன்றையும் ஒட்டினேன். மறுபடி நாற்பது நாள். தண்டில் தூசி படிந்தது. ஒரு சிலந்தி குடிவந்தது, அதையும் தொடவில்லை.

சோதனையன்று என் மனைவியும் வந்திருந்தாள். பேசத்தான் இல்லை. ஃபிட்டர் கடிகாரத்தைப் பிடித்தார். கொழுந்தியாள் தலையாட்டினாள். காற்று சீறி வெளியேறியது.

ஒரு நொடி, இரண்டு, மூன்று. ஒன்றும் அசையவில்லை. என் ஆயுளில் அந்த மூன்றைக் கழித்துவிடுங்கள். நாலாவதில் உள்ளே ஏதோ மூச்சு விட்டது. உருண்டை புரண்டது. கால்வாசியைத் தாண்டியது. பாதியைத் தாண்டியது. டம்!

“பத்தொம்பது!”

ஃபிட்டர் தலைக்கவசத்தை வீசி எறிந்தார்.* முதலாளி என்னைக் கட்டிப்பிடித்து, தவறுதலாக வால்வையும் கட்டிப்பிடித்தார்.

“இன்னொரு தடவை மூடிக் காட்டுவோமா?” என்றார்.

“வேண்டாம். ரெண்டாந்தடவை எது வேணாலும் மூடும்.” கொழுந்தியாள் கையெழுத்துப் போட்டாள். பேனா காகிதத்தைக் கிழிக்கிற அழுத்தம்.

“இப்பப் பேசலாம்,” என்றாள் என் மனைவி. அன்று முழுக்கப் பேசினாள்.

* இன்னும் கீழே வரவில்லை. கூரையைச் சோதித்தோம், ஓட்டை எதுவும் இல்லை.

6

முடிவு ஒன்று: புயல், கசிவு, வால்வு மூடுகிறது, நூற்றுப் பன்னிரண்டு பேரும் நன்றி சொல்ல எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். [“அத்தனை பேருக்கும் டீ யாரு போடறது?” அடித்தாயிற்று.]

முடிவு இரண்டு: ஒன்றுமே நடக்கவில்லை. பதினெட்டு வருடமாக இதுதான் நடந்துகொண்டிருக்கிறது. மேடையில் அவர்கள் எழுகிறார்கள், குளியலறைக்குச் சண்டை போடுகிறார்கள், சீட்டில் ஏமாற்றுகிறார்கள், விடுமுறைக்கு வீடு போகிறார்கள். இதைவிடப் பெரிய வெற்றி எனக்குத் தெரியாது. கதையாக எழுதத்தான் வரவில்லை.

ஆகவே முடிவை உங்களிடம் விடுகிறேன். வருடத்துக்கு ஒரு தரம் கொழுந்தியாள் சொல்லாமல் கொள்ளாமல் ஹெலிகாப்டரில் போய் இறங்கி, அதுவரை அசையாமல் நின்ற வால்வை மூடச் சொல்வாள். உடனே எனக்குப் போன். வணக்கம் கிடையாது, நலமா கிடையாது, எத்தனை நொடி என்பது மட்டும்.

இதோ அடிக்கிறது. நீங்கள் எடுங்கள். அவள் சொல்வதை இங்கே எழுதிவிடுங்கள்: ........

இருபத்து நாலுக்கு மேல் என்றால் மட்டும் எழுதாமல் என்னைக் கூப்பிடுங்கள். ஓய்வு பெற்றுவிட்டேன்தான், ஸ்பிரிங் கணக்கு மறக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன்.