வலிக்கலை

பல் டாக்டர் சின்னக் கண்ணாடியை மகளின் வாய்க்குள் நுழைத்தபோது நான் அவள் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாய்க்குள் பார்க்கும் தைரியம் எனக்கில்லை. பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எப்போது கிளம்பும் என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பது அவள் வேலை. ஒரு வருடமாக வாய்ப்புண் வருவதும் ஆறுவதுமாக இருந்தது. இந்த முறை நாக்கின் இடது ஓரத்தில்.

என் கணவருக்கும் நாக்கின் ஓரத்தில்தான் வந்தது. சூடு என்றோம். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார். நானும் நிம்மதியாகத் தையல் மெஷினுக்குத் திரும்பிவிடுவேன். வலிக்காமல், ஆறாமல் கிடக்கும் புண்ணுக்குத்தான் பயந்திருக்க வேண்டும் என்று பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எட்டு மாதம்கூட அவர் இருக்கவில்லை. வலிக்காத புண்தான் ஆபத்து என்ற இந்த ஒன்றை மட்டும் நான் மகளிடம் சொல்லவேயில்லை.

தப்பு அங்கேதான். ஒரு வாரமாக எழுந்ததும், "வலிக்குதாடி?" என்று கேட்பேன். "வலிக்கலைம்மா. நீ துணியைத் தை, என் வாயைத் தைக்காத" என்பாள். சாப்பிடும்போது ஒரு தடவையாவது முகம் சுளிக்கமாட்டாளா என்று கதவோரம் நின்று பார்ப்பேன்.

டாக்டர் பஞ்சுக்குச்சியால் தொட்டதும் அவள் துள்ளிவிட்டாள். கண்ணில் நீர் கோத்தது.

"முதல் நாள்லேருந்தே வலிதான் டாக்டர். அம்மா பயப்படுவாங்கன்னு சொல்லலை."

பெற்ற பெண் துடிப்பதைப் பார்த்து நான் சிரித்தேன். டாக்டர் என்னை விநோதமாகப் பார்த்தார். காரணத்தை அவரிடம் சொன்னேன், மகளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் பொறுமையாக விளக்கினார். உடம்பைக் காக்கும் எதிர்ப்பு சக்தியில் சில புரதங்கள் இருக்கின்றனவாம். கிருமி வந்தால் சண்டைக்கு ஆள் கூப்பிடுபவை. சிலருக்கு அவை காரணமில்லாமல் கூப்பிட, வந்த ஆட்கள் வாயின் தோலையே தாக்குகிறார்களோ என்று ஆராய்கிறார்களாம். இன்னும் உறுதியாகத் தெரியாதாம்.

"ஒண்ணுமில்லாததுக்கு ஊரைக் கூட்டுறதா? எங்கம்மாவேதான்" என்றாள் மகள்.

டாக்டர் சிரித்தார். இதுவும் அந்த வகையாகத்தான் இருக்கும், ஆனாலும் இரண்டு வாரம் பார்ப்போம், ஆறாவிட்டால் புண்ணிலிருந்து துளி சதை எடுத்துச் சோதிக்கலாம் என்றார்.

மறுநாள் காலை நான் கேட்பதற்கு முன்பே குளியலறை வாசலில் வந்து நின்றாள். உதட்டில் பற்பசை நுரை.

"ரொம்ப வலிக்குதும்மா" என்றாள், என் முகத்தைப் பார்த்தபடியே. அவள் கை புண்ணில்லாத வலது கன்னத்தை அழுத்திப் பிடித்திருந்தது.